உப்பு ஜன்னல்

கண்ணாடி இந்த வெளிச்சத்துக்குச் சுவர்.
பார்க்கத் தெளிவாய் நின்றுகொண்டு
பத்து மைக்ரான் கதிரை
அப்படியே விழுங்கிவிடும்.
அதனால் குழாயின் இரண்டு முனையிலும்
உப்பு வைத்திருக்கிறோம்.
சமையல் உப்புதான், ஒரே படிகமாய் வளர்ந்தது,
பழைய ஐந்து ரூபாய் அகலம்.
விலையைச் சொன்னதும்
புத்தளத்தில் அளம் வைத்திருக்கும் என் கொழுந்தன்
சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.

மழைக்கு அவனும் பயப்படுவான், நானும்.
ஆனியில் சாரல் தொடங்கினால்
அவன் பாத்தி கரையும்,
என் ஜன்னல் வேர்க்கும்.
காலையில் வந்ததும் முதல் வேலை
கையுறை மாட்டி, மூச்சை அடக்கி,
ஆல்கஹால் தொட்ட துணியில்
எட்டு எட்டாய்த் தேய்ப்பது.
மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
இங்கே தும்மாதீர்கள்.

குழாய்க்குள் அம்மோனியா.
சின்னமுட்டம் ஐஸ் ஃபேக்டரியில்
கண்ணைக் கரிக்கும் அதே வாயு,
இங்கே கொஞ்சமே கொஞ்சம்,
காற்றையெல்லாம் உறிஞ்சியெடுத்த வெறுமையில்
ஒரு சிட்டிகை.
இரண்டு எஃகுத் தகடு, நடுவே இரண்டு மில்லிமீட்டர்.
அந்தச் சந்துக்குள்தான் லேசர் போகவேண்டும்,
சுவரில் தோள் உரசாமல்.

மூன்று ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன்:
றசல் கரும்பலகையில் குடை வரைந்தான்.
"உள்ளும் வெளியுமா மடங்குது அக்கா,
நொடிக்கு இரண்டாயிரத்து நானூறு கோடித் தடவை."
நான் ஆரல்வாய்மொழிக்காரி.
ஆடி மாதம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும்
குடை என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் படம் வரைய வேண்டாம்.

லேசரின் நிறம் ஒன்று,
வாயு பசித்திருக்கும் நிறம் வேறொன்று.
இடையில் ஒரு முடி அளவு.
தகடுகளில் மின்சாரம் இல்லாதபோது
ஒளி அதைக் கடந்து போகிறது,
தோட்டியோட்டில் நிற்காத எக்ஸ்பிரஸ் போல.
வோல்டேஜ் ஏற ஏற
மூலக்கூறு தன் படிகளைச் சற்றே நகர்த்திப் போடுகிறது.
பசி நகர்ந்து நகர்ந்து
ஒளியின் நிறத்திலேயே வந்து உட்கார்கிறது.
அப்போது அந்தப் பக்கம் இருட்டு.
இறக்கினால் வெளிச்சம்.
தெரியாத வெளிச்சம், தெரியாத இருட்டு.
மீட்டர் முள் சொன்னால் நம்புகிறோம்.

செவ்வாய்க்கிழமை ஆசையில் கூட்டிவிட்டோம்.
ஊதா நிறத்தில் ஒரு வெட்டு,
தகட்டில் கறுப்புப் பொட்டு.
"குனியச் சொல்லலாம் மக்கா,
முறிக்கப்பிடாது" என்றேன்.
இரண்டு நாள் சுத்தம் செய்தோம், பேசிக்கொள்ளாமல்.

வெள்ளி சாயங்காலம்.
கணவாயில் காற்றாடிகள் வெறிபிடித்துச் சுற்றும் மாதம்,
கரண்ட் போகவில்லை.
றசல் போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகினான்.
பாட்டு வேண்டாம் என்றேன்,
பாட்டென்றால் பாதியைக் காதே நிரப்பிக்கொள்ளும்.
காலையில் வடசேரியில் அவன் பதிந்தது ஒன்று இருந்தது:
நடத்துநர் குரல், பின்னால் ஹாரன்.

குரல் வோல்டேஜ் ஆனது.
வோல்டேஜ் வாயுவை அசைத்தது.
வாயு தின்றது போக மிச்சம்
உப்பைத் தாண்டி, வராந்தா நெடுகப் போய்,
வாளிகளும் துடைப்பமும் சாத்திய மூலையில்
டிடெக்டரில் விழுந்தது.
ஸ்பீக்கர் முதலில்
அப்பளம் பொரிக்கும் சட்டி போல இரைந்தது.
பிறகு,
தக்கலை தக்கலை, மார்த்தாண்டம்,

நான் நடுவில் ஒரு செங்கல்லை வைத்தேன்.
அறுந்தது.
எடுத்தேன்.

களியக்காவிளை, ஏறு ஏறு ஏறு.

றசல் துள்ளிக் குதித்ததில்
வாளி ஒன்று உருண்டது.
நோட்டில் தேதியும் அழுத்தமும் வோல்டேஜும் எழுதினேன்.
அப்புறம் செங்கல்லைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு புள்ளி மட்டும் சூடாயிருந்தது,
மிளகு அளவு.
குழித்துறை அங்கே இறங்கியிருந்தது.